ஆற்றங்கரைப் பூங்காவில் வெள்ளமட்டக் கல் நாட்டுவது எப்படி

காவிரியின் கழிமுகச் சமவெளியில் கல் கிடையாது. கல்லணைக்குக் கிழக்கே எங்கு தோண்டினாலும் வண்டலும் மணலும் களியும்தான் வரும். 1010-இல் முற்றுப்பெற்ற தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்து இறங்கியது. அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த கல்லில் எதை எழுதுவது என்பதில் அன்றைக்குத் தெளிவு இருந்தது. தான் கொடுத்தவை, தன் அக்கன் கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை ஆகிய எல்லாவற்றையும் ‘கல்லிலே வெட்டுக’ என்று இராசராசன் ஆணையிட, பொன்னின் எடை வரைக்கும் கணக்காக அங்கே வெட்டப்பட்டது. இன்று நம் ஊர்ப் பூங்காக்களில் நிற்கும் கற்களில் திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர் என்று பன்னிரண்டு வரிகள் ஓடுகின்றன; கல் எதற்காக நடப்பட்டது என்பது பதின்மூன்றாம் வரியில் சிறிய எழுத்தில் ஒதுங்கிவிடுகிறது.

இந்தக் கட்டுரை ஒரே ஒரு வகைக் கல்லைப் பற்றியது. ஆறு எந்த நாளில் எந்த உயரம் வரை ஏறியது என்பதைக் கோடு போட்டுக் காட்டும் கல் அது. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு வெள்ளம் ஆண்டுதோறும் வரும் விருந்தாளியாக இல்லை. பல ஆண்டுகள் மணலாகக் கிடக்கும் ஆற்றைப் பார்த்துப் பழகியவர்கள் படுகையிலேயே வீடு கட்டிவிடுகிறார்கள். பிறகு 2018 ஆகஸ்டு போல ஒரு மாதம் வருகிறது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்ட அந்த ஆண்டில், தண்ணீர் எதுவரை வரும் என்பதைச் சொல்ல எண்பது வயதுப் பெரியவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது. அவர்கள் சொன்ன 1924-ஆம் ஆண்டு வெள்ளமும் அவர்கள் கண்டதன்று, தம் தந்தையர் சொல்லக் கேட்டது.

முதலில் மட்டம்

கல்லைத் தேடுவதற்கு முன் அளவைத் தேட வேண்டும். வெள்ளம் வடிந்த முதல் வாரத்தில் சுவர்களில் வண்டல் படிந்த கோடு தெளிவாகத் தெரியும். வேலிகளிலும் கிளைகளிலும் வைக்கோலும் ஆகாயத்தாமரையும் ஒரே உயரத்தில் சிக்கியிருக்கும். இவற்றுள் சுவர்க் கோட்டையே முதன்மையாகக் கொள்ளலாம், ஏனெனில் செத்தை அலையிலும் சுழலிலும் பட்டு உண்மையான மட்டத்திற்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். பழைய வெள்ளமாக இருந்தால் ஓய்வுபெற்ற லஸ்கர்களைக் கேளுங்கள். மதகில் நின்று அளவுகோலைப் பார்த்துத் தண்ணீர் விட்டவர்கள் அவர்கள். ‘கோயில் வாசல்படி வரைக்கும் வந்தது’ என்று ஊரார் சொல்லுமிடத்தில் ‘மூன்றாம் படி நனைந்தது, நான்காம் படி நனையவில்லை’ என்று சொல்லக்கூடியவர்கள். குறைந்தது மூன்று இடங்களில் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு, சொல் ஒத்துவந்தால் மட்டுமே எழுதுங்கள்.

ஓடும் ஆற்றின் நீர்ப்பரப்பு சரிந்தே இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. மேற்கே ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாலத்தூணில் கிடைத்த கோட்டை அப்படியே உங்கள் பூங்காவிற்குக் கொண்டுவந்தால் மட்டம் கூடிப்போகும். பூங்காவை ஒட்டிய சுவர், படித்துறை மண்டபம் ஆகியவற்றில் உள்ள கோடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து கல் நிற்கப்போகும் இடத்திற்கு உயரத்தை மாற்ற, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதுமானது. குழாய்க்குள் காற்றுக்குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டு, மாலையில் வெயில் தணிந்த பிறகு இரண்டு முறை பிடித்துப் பார்த்தால் விரற்கடைக்குள் சரியாக வரும். நீர்வளத்துறைப் பொறியாளர் ஒருவர் மட்டமானி வைத்துக் கடல்மட்டத்திலிருந்து உயரத்தையும் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. அந்த எண் கல்லிலேயே இடம்பெறலாம்.

வெள்ளம் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். ஆடி, ஆவணியில் வருவது மேற்கே பெய்த மழை மேட்டூரை நிரப்பி வழிந்து வருவது. ஐப்பசி, கார்த்திகையில் வருவது பெரும்பாலும் நம் தலையிலேயே பெய்த மழை வடிய வழியில்லாமல் தேங்குவது. மேலும், பெருவெள்ளத்தை முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவதால், அணைக்கரையில் கொள்ளிடம் பனை உயரம் புரளும் அதே நாளில் கும்பகோணத்தில் காவிரி கரைக்குள் அடங்கி ஓடக்கூடும். ஆகவே ‘வெள்ளம் இதுவரை வந்தது’ என்று மட்டும் எழுதினால் போதாது; எந்த ஆற்று வெள்ளம், அல்லது மழைநீரா என்பதைச் சொல்ல வேண்டும். அரசலாற்றங்கரையில் நிற்கும் கல் காவிரியின் பெயரைத் தாங்கி நிற்பது அழகாக இருக்கலாம், உதவாது.

இடமும் அனுமதியும்

பூங்கா உள்ளாட்சியின் பராமரிப்பில் இருந்தாலும் அதன் கீழிருக்கும் நிலம் ஆற்றுப் புறம்போக்காக இருக்கலாம். புல எண்ணைப் பார்த்துவிட்டு, ஊராட்சி அல்லது நகராட்சியில் தீர்மானம், நீர்வளத்துறையில் எழுத்துப்பூர்வமான இசைவு என்று இரண்டையும் வாங்குங்கள். ஊரார் இன்னும் பொதுப்பணித்துறை என்றே சொல்லும் அலுவலகம்தான் அது. கரையின் உச்சியிலோ உட்சரிவிலோ குழி தோண்டக் கேட்காதீர்கள், கொடுக்கவும் மாட்டார்கள். கரையில் தோண்டிய குழி எலிவளையை விட மோசமானது. வெள்ளம் அதைத்தான் முதலில் தேடும்.

கல்லின் முகம் எந்தத் திசையைப் பார்ப்பது என்பதில் நம் நிலத்திற்கு ஒரு வசதி இருக்கிறது. ஆறுகள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. அகன்ற முகத்தை நீரோட்டத்திற்கு எதிரே நிறுத்தினால் வெள்ளம் தள்ளும். ஒல்லியான பக்கம் மேற்கே பார்க்க நிறுத்தினால் நீர் இரண்டாகப் பிரிந்து போய்விடும். அப்படி நிறுத்தும்போது முகம் வடக்கையோ தெற்கையோ பார்க்கும். தெற்கைத் தேர்ந்தெடுங்கள். வடக்கு முகத்தில் ஆண்டின் பெரும்பகுதி வெயில் படாமல் பாசி ஏறும். தெற்கு முகத்தில் மேலிருந்து சாய்ந்து விழும் வெயிலில் வெட்டெழுத்தின் பள்ளங்களில் நிழல் தங்கி, வண்ணம் போன பிறகும் படிக்க முடியும். மரத்தடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். காக்கை எச்சமும் வேரும் இரண்டு பக்கத்திலிருந்தும் வேலை செய்யும்.

கல் தேர்வு

நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. கல்லைத் தேடிக் காண்பதே முதல் நிலை. நீர்ப்படையின் நோக்கம் சடங்கு சார்ந்தது என்றாலும், கல்லை நனைத்துப் பார்ப்பதில் நமக்கு வேறொரு பயன் உண்டு: மேலே தண்ணீரை ஊற்றிச் சிறிது நேரம் காத்திருந்தால், மற்ற இடங்கள் காய்ந்த பிறகும் மயிரிழை விரிசல் மட்டும் கறுத்த கோடாக நிற்கும். அந்தக் கல்லை ஒதுக்கிவிடுங்கள். பிறகு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. சிற்பிகள் ஒலியை வைத்தே ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பார்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே பொந்தோ பிளவோ இருக்கிறது.

வழவழப்பாக மெருகேற்றிய கருப்பு கிரானைட் பலகையைத்தான் கடைக்காரர்கள் முதலில் காட்டுவார்கள். முக்கால் அங்குலப் பலகை சுவரில் பதிக்க ஆகும். தனியாக நிற்க ஆகாது. வெள்ளத்தில் மிதந்து வரும் ஒரு தென்னைமரம் மோதினால் அது கண்ணாடி போல உடையும். தனித்து நிற்க வேண்டிய கல்லுக்கு ஆறு அடி நீளம், இரண்டு அடி அகலம், அரையடி கனம் கொண்ட கருங்கல்லை நான் பரிந்துரைப்பேன். நான்கு அடி வெளியே, இரண்டு அடி மண்ணுக்குள். ஒரு கன அடி கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ என்பதால் இந்தக் கல் 450 கிலோ வரும். இறக்குவதற்கு முக்காலியும் செயின் பிளாக்கும் தேவை என்பதை முதலிலேயே செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். முகத்தை மட்டும் இழைத்து, மற்றப் பக்கங்களைக் கொத்தியபடியே விட்டுவிடலாம். பளிங்கு வேண்டாம், அமிலம் கலந்த துப்புரவுத் திரவம் ஒருமுறை பட்டாலே அதன் முகம் அரித்துப்போகும், நம் பூங்காக்களில் அது படாமல் இருக்காது.

வாசகம்

கல்லில் எழுதும் வாசகத்தை நாற்பது சொற்களுக்குள் முடிக்க முடியாவிட்டால், அதை எழுதியவர் இன்னும் ஒருநாள் யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. கோடு எதைக் காட்டுகிறது, எந்த ஆறு, எந்த நாள், எவ்வளவு உயரம், யார் நட்டது என்னும் ஐந்து செய்திகள் போதும். ‘இக்கோடு வரை காவிரி ஏறிய நாள்’ என்று முதல் வரி. அதன்கீழ் நாள், மாதம், ஆண்டு. அடுத்து ‘படித்துறையின் மேற்படியிலிருந்து இத்தனை அடி உயரம்’. கடைசியில் ‘ஊரார் நட்டது’. நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் அவசியம் என்றால் கல்லின் பின்முகம் காலியாகத்தான் இருக்கிறது. அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளட்டும்.

நாளை ஆங்கில ஆண்டில் எழுதுங்கள். விரும்பினால் திருவள்ளுவர் ஆண்டையும் சேர்க்கலாம், 31-ஐக் கூட்டினால் அது வந்துவிடும். தமிழ் ஆண்டின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தக்கூடாது. ‘ரக்தாட்சி ஆடி’ என்று ஒரு கல் சொன்னால் அது 1924-ஆ, 1984-ஆ என்று தெரியாது, ஏனெனில் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். எண்களைத் தமிழ் இலக்கத்தில் வெட்ட வேண்டும் என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். ஆசை நல்லதுதான், ஆனால் ஆற்றங்கரையில் விளையாடும் பிள்ளை படிக்க வேண்டிய எண் இது. உயரத்தை அடியிலும் மீட்டரிலும் எழுதுங்கள், ஊர் அடியில் பேசும், அலுவலகம் மீட்டரில் பேசும். காவிரியா காவேரியா என்ற வழக்கை ஒரு கூட்டத்தில் பேசி முடித்துவிட்டு, முடிவான எழுத்தைக் கல்லில் எல்லா இடத்திலும் ஒன்றாகவே வையுங்கள்.

கியூஆர் குறியைப் பொறிக்கலாமே என்று சொல்வார்கள். கல் நூறு ஆண்டு நிற்கும். இணையப் பக்கத்திற்கு ஆண்டுச் சந்தா கட்டும் ஆள் பத்து ஆண்டு நின்றால் பெரிது.

எழுத்து வெட்டுதல்

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து படித்துறை ஓரத்தில் சிறிய கல் ஒன்றை வைத்தோம். வாசகத்தை நான் அலைபேசியில் தட்டி அனுப்பினேன். கடையில் இருந்த பழைய மென்பொருள் யூனிகோடைச் சரியாகக் கோக்காமல் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போட, ‘கொள்ளிடம்’ என்பது ‘ெகாள்ளிடம்’ என்று கல்லில் ஏறிவிட்டது. சரிபார்க்க வாருங்கள் என்று அவர்கள் அழைத்த நாளில் நான் போகவில்லை. இன்றைக்கும் அந்தக் கல்லைக் கடக்கும்போது நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

ஆகவே வாசகத்தைக் கோப்பாக மட்டும் கொடுக்காதீர்கள். தாளில் அச்சிட்ட படியையும் கையில் கொடுங்கள். கோப்பிலுள்ள எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றித் தரச் சொல்லுங்கள், அப்போது எந்தக் கணினியில் திறந்தாலும் எழுத்துரு மாறாது. கல்லின் முழு அளவில் ஒரு தாள்படி எடுத்து, அதைச் சுவரில் ஒட்டி, வாசகத்தை எழுதாத ஒருவரை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. ற, ர, ன, ண, ல, ழ, ள ஆகியவற்றை ஒருமுறையும், புள்ளிகளை மட்டும் இன்னொரு முறையும் தனியாகப் பார்க்க வேண்டும். பழைய கல்வெட்டுகளில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, படிப்பவர் தாமே இட்டுப் படித்துக்கொண்டார்; இன்றைய வாசகர் அப்படிச் செய்யமாட்டார்.

வெட்டுவதற்கு மூன்று வழிகள் உண்டு. லேசர் முறை மெருகேற்றிய கருப்புக் கல்லின் மேற்பரப்பை மட்டும் வெளிறச் செய்கிறது. படம் வரைய அழகானது, ஆனால் ஆழம் அரை மில்லிமீட்டரும் தேறாது. மணலும் வண்டலும் உரசும் ஆற்றங்கரைக்கு அது பொருந்தாது. மணல் வீச்சு முறையில் எழுத்தின் வடிவை ரப்பர் தாளில் வெட்டிக் கல்லில் ஒட்டி, திறந்த இடத்தில் அழுத்தக் காற்றுடன் துகளைப் பாய்ச்சுகிறார்கள். பழைய கோயில் கல்வெட்டுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று மழுங்கடித்த அதே மணல் வீச்சுதான் இங்கே புதிய எழுத்தை உண்டாக்குகிறது. கருவியின் மேல் குற்றமில்லை. இந்த முறையில் ‘க’, ‘த’, ‘ழ’ போன்றவற்றின் மூடிய வளையங்களுக்குள் இருக்கும் சிறு தீவுகள் பெயர்ந்து போகும் என்பதால், தடித்த, நெருக்கமான எழுத்துருவைத் தவிர்த்து வளையங்கள் அகன்ற எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். ஆழம் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது கைவேலை. உளியால் சரிவாக இரண்டு பக்கமும் வெட்டி நடுவில் பள்ளம் கூடும்படி அமைக்கும் எழுத்து, சாய்வெயிலில் தெரிவது போல வேறெதுவும் தெரியாது. செலவும் நாளும் கூடும். நாற்பது சொற்களுக்குள் வாசகத்தை அடக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். கையால் வெட்டுபவருக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் தாள்படியைக் கல்லில் ஒற்றிக் கொடுத்தால் பிசகாமல் வெட்டிவிடுவார்கள். எழுத்தின் உயரம் ஓர் அங்குலத்திற்குக் கீழே போகவேண்டாம். ஆண்டை மட்டும் மூன்று அங்குலத்தில் வெட்டுங்கள், கரையில் நடந்து போகிறவரை நிறுத்துவது அந்த எண்தான். வெள்ளக் கோட்டை இப்போது வெட்ட வேண்டாம். காரணம் அடுத்து வருகிறது.

நடுதல்

வழக்கமாக மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். மாசி தொடங்கிச் சித்திரை முடியும் வரை நிலத்தடி நீர் இறங்கி, குழி நிற்கும். அந்த மாதங்களே நடுவதற்கு ஏற்றவை. கல்லின் அடியைவிட நான்கு பக்கமும் ஓரடி கூடுதலாக, மூன்றடி ஆழத்திற்குத் தோண்டுங்கள். களிமண் என்றால் கோடையில் வெடித்து மழையில் உப்பும். அடியில் அரையடிக்கு ஆற்றுமணல் போட்டுத் தண்ணீர் விட்டு இறுக்கி, அதன்மேல் அரையடிக்கு ஜல்லிக் கான்கிரீட் இட்டு, அது இறுகிய பிறகு கல்லை நிறுத்த வேண்டும். தூக்குக்குண்டால் நான்கு பக்கமும் செங்குத்துப் பார்த்து, முட்டுக் கொடுத்து, சுற்றிலும் கான்கிரீட் நிரப்புங்கள். மேற்பரப்பு கல்லிலிருந்து வெளிப்புறமாகச் சரிந்திருந்தால் நீர் அடியில் தேங்காது. சுற்றி இரண்டடிக்குக் கருங்கல் துண்டுகளைப் பாவிவிட்டால் வெள்ளம் அடியை அரிப்பதும் குறையும்.

பதினைந்து நாள் கழித்து, கல் அமர்ந்த பின்னரே தண்ணீர் டியூபை மீண்டும் பிடித்து மட்டத்தைக் குறித்து, கோட்டை அந்த இடத்திலேயே வெட்ட வேண்டும். பட்டறையில் கோடு போட்டுக் கொண்டுவந்த கல்லை, கோடு சரியான உயரத்திற்கு வரும்படி நடுவது நடக்காத காரியம். ஓர் அங்குலம் தாழ்ந்தாலும் கல் பொய் சொல்லும். வெள்ளம் கல்லின் தலைக்கு மேலே போயிருந்தால் மேல்நோக்கி ஓர் அம்புக்குறியும், இவ்வளவு அடி மேலே என்ற அளவும் போதும். கோட்டிலிருந்து படித்துறையின் மேற்படி வரையுள்ள உயரத்தை அன்றே அளந்து எழுதிவையுங்கள்.

நட்ட பிறகு

ஆடிப்பெருக்கன்று இந்தக் கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் ஏறும் என்பதை எதிர்பார்த்தே இருங்கள். காதோலை கருகமணியோடு ஆற்றைக் கும்பிட வருகிறவர்கள் செங்குத்தாக நிற்கும் எந்தக் கல்லையும் வெறுமனே விட்டுப் போகமாட்டார்கள். அதைத் தடுத்துப் பலகை வைப்பதைவிட, கல்லின் அடியில் ஒரு சிறிய விளக்குமாடத்தை முதலிலேயே அமைத்துவிட்டால் எண்ணெய் எழுத்தின் மேல் படாது. எண்ணெய்தான் கருங்கல்லில் ஊறிக் கறையாகும். மஞ்சளும் குங்குமமும் தண்ணீரில் போய்விடும். சுண்ணாம்பு அடிக்கும் ஆட்கள் பூங்காவிற்கு வரும் நாளில் மட்டும் யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது, பூச்சு ஏற ஏற எழுத்தின் பள்ளம் நிரம்பிவிடும்.

கல் புதிதாக இருக்கும்போதே ஒரு மைப்படி எடுத்துவிடுங்கள். முகத்தைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்திற்குள் தாளை இறக்கி, ஈரம் சற்று உலர்ந்ததும் மை தோய்த்த பஞ்சுத் துணியால் ஒற்றினால், எழுத்து வெள்ளையாகவும் தளம் கறுப்பாகவும் வரும். தொல்லியல் பயின்ற ஆசிரியர் யாராவது அருகில் இருந்தால் பள்ளிப் பிள்ளைகளையே எடுக்க வைக்கலாம். ஒரு படியை ஊர் நூலகத்திலும், அளவுக் குறிப்போடு இன்னொரு படியை நீர்வளத்துறை அலுவலகத்திலும் கொடுத்துவையுங்கள்.

எழுத்தில் நிரப்பிய வண்ணம் சில ஆண்டுகளில் உதிரும். மறுபடி பூச ஓர் ஓவியரும் அரைநாளும் போதும். ஆண்டுக்கு ஒருமுறை, தண்ணீர் திறப்பதற்கு முன், தென்னைநார் தூரிகையும் வெறும் தண்ணீரும் கொண்டு முகத்தைக் கழுவிவிட்டு, கோட்டிற்கும் படித்துறையின் மேற்படிக்கும் இடையிலுள்ள உயரத்தை டியூபால் அளந்து, முதல் நாள் எழுதிவைத்த அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு விரற்கடைக்கு மேல் வேறுபாடு தெரிந்தால் கல் இறங்கியிருக்கிறது. பழைய கோட்டை அழிக்காமல், புதிய கோட்டை அதன்மேல் சரியான உயரத்தில் வெட்டி, திருத்திய ஆண்டை அதன் ஓரத்தில் பொறித்துவிடுங்கள்.